யாருடைய கையெழுத்து? ஒரு கன்சென்ட் ஃபார்மின் கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

இந்த எபிசோடை என் தப்பு ஒண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, ராத்திரி பதினொன்றரை மணி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியோட இன்சூரன்ஸ் டெஸ்க். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு கட்டுப் பேப்பரைத் தள்ளினார். பென்சில்ல எக்ஸ் குறி போட்ட ஏழு இடம். ஏழு இடத்துலயும் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் நாற்பது செகண்ட் ஆகியிருக்கும். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். 'ஐ அக்ரீ' பட்டனை எங்கே வெச்சா யாரும் படிக்காம அழுத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஸ்க்ரீன் நானே கட்டியிருக்கேன். அன்னிக்கு நானே அதை அழுத்தினேன்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் காலையில் லேப்ராஸ்கோப்பி. "நாலு சின்ன ஓட்டைதான், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்"னு சொல்லியிருந்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு அம்மா கண் முழிச்சப்போ வலது விலாவுக்குக் கீழே நீளமா ஒரு வெட்டு, மேலே பெரிய டிரெஸ்ஸிங். உள்ளே எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்தது, கேமரா வழியா எடுக்கறது ஆபத்து, அதனால திறந்து எடுத்தோம்னு சர்ஜன் விளக்கினார். மருத்துவ ரீதியா அது சரியான முடிவு. வேற டாக்டர்கிட்டயும் விசாரிச்சேன், யாரும் தப்புன்னு சொல்லலை. 'தேவைப்பட்டால் திறந்த அறுவைக்கு மாற்றப்படும்' என்ற வரி ஃபார்ம்லயும் இருந்தது. மூணாவது எக்ஸ் குறிக்கு நேர் மேல.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "நீ எதுலடா கையெழுத்துப் போட்ட?"

எனக்குப் பதில் தெரியலை.

அம்மாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இருபத்திரண்டு வருஷமா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட். மாசா மாசம் தெருத்தெருவா நடந்து பணம் வாங்கி, கட்டி, பாஸ்புக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாங்க. படிக்கத் தெரியாத பூக்காரம்மாவா இருந்தாலும், ஃபார்ம்ல என்ன இருக்குன்னு வாய்விட்டுப் படிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஒருத்தங்களுக்கு, இருபது அடி தள்ளி ஒரு ரூம்ல முழு நினைவோட டிவி பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு, நான் கையெழுத்துப் போட்டேன். அப்பாகிட்ட நீட்டினேன். "எல்லாம் இங்கிலீஷா இருக்கு, நீயே போடுப்பா"ன்னுட்டார். டெஸ்க்ல என்னைக் கூப்பிட்டதுக்குக் காரணமும் ஒண்ணுதான்: பாலிசி என் கம்பெனியோடது. பணம் என் வழியா வருது.

அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகலை. உடம்பு ஒருத்தரோடது, கையெழுத்து பணம் கட்டறவரோடது. இது எப்படி வந்தது? தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இன்னிக்கு எபிசோட்.

நியூயார்க், 1908: வாரத்துக்கு 7 டாலர்

1908 ஜனவரி. மேரி ஷ்லோண்டார்ஃப் என்ற பெண் வயிற்றுக் கோளாறுன்னு நியூயார்க் ஆஸ்பத்திரியில் சேர்றாங்க. அது ஒரு தர்ம ஆஸ்பத்திரி. முடிஞ்சவங்க கொஞ்சம் கொடுக்கலாம். அவங்களுக்கு வாரம் 7 டாலர்னு சொன்னாங்க. சில வாரம் கழிச்சு டாக்டர்கள் வயிற்றில் ஒரு கட்டியைக் கண்டுபிடிச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாங்க. மேரி மறுத்துட்டாங்க. அப்போ, என்ன கட்டின்னு தெரியணும்னா ஈதர் கொடுத்து மயக்கத்துல பரிசோதிக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு மட்டும் சரின்னாங்க. "ஆனா ஆபரேஷன் கூடாது"ன்னு ஒருத்தர்கிட்ட இல்லை, பலர்கிட்டச் சொன்னதா பின்னால கோர்ட்டுல சொன்னாங்க.

மயக்கத்துல இருந்தப்போ கட்டியை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் இடது கையில் அழுகல் வந்து, சில விரல்களை வெட்ட வேண்டியதாச்சு.

மேரி வழக்குப் போட்டாங்க. டாக்டர்கள் மேல இல்லை, ஆஸ்பத்திரி மேல. 1914 ஏப்ரல்ல நியூயார்க்கின் உச்சபட்ச மாநில நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதினவர் பெஞ்சமின் கார்டோஸோ, பின்னால அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனவர். நல்ல மனநிலையில் இருக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் தன் உடம்பை என்ன செய்யணும்னு தானே முடிவு செய்யும் உரிமை உண்டு, சம்மதம் இல்லாம ஆபரேஷன் செய்வது உடல்மீதான தாக்குதல் என்று அதில் எழுதினார். இன்னிக்கும் உலகம் முழுக்க நோயாளி உரிமை பத்திப் பேசறவங்க அந்த வரியைத்தான் முதல்ல சொல்வாங்க.

ஆனா பலருக்குத் தெரியாத விஷயம்: அந்த வழக்கில் மேரி தோத்துட்டாங்க.

ஏன்? அது தர்ம ஆஸ்பத்திரி. டாக்டர்கள் செய்த தப்புக்கு ஒரு தர்ம ஸ்தாபனம் நஷ்ட ஈடு கொடுக்கத் தேவையில்லை என்பது அன்றைய சட்டம். மேரி கொடுத்த 7 டாலர், சோறு, படுக்கை செலவுக்கு உதவி, அவ்வளவுதான்னு கோர்ட் பார்த்தது. அதாவது, உன் உடம்பு உன்னுடையதுதான். ஆனா தர்மத்துல படுத்திருக்கும்போது அதைக் காப்பாத்திக்க வழி கிடையாது. உரிமையைச் சொன்ன அதே தாள், அது யாருக்குப் பலிக்காது என்பதையும் சொல்லிடுச்சு.

இந்த முடிச்சை மனசுல வெச்சுக்கோங்க. கதை முழுக்க இது வரும்.

1957: ஒரே வருஷம், மூணு தீர்ப்பு

அடுத்த பெரிய நகர்வுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1957-ல மூணு இடத்துல மூணு தீர்ப்பு.

முதல்ல அதே நியூயார்க், அதே நீதிமன்றம். ஆபரேஷன் மேஜையில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணோட வழக்கு. தர்ம ஆஸ்பத்திரி என்பதால் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாதுன்னு சொல்லி, பழைய விதியைத் தூக்கிப் போட்டாங்க. மேரி தோத்த காரணம் அன்னிக்குத்தான் செத்தது.

ரெண்டாவது, கலிஃபோர்னியா. கால் வலின்னு ஸ்டான்ஃபோர்ட் ஆஸ்பத்திரிக்குப் போன சால்கோ என்பவருக்கு, முதுகு வழியா ஊசி போட்டு ரத்தக்குழாய்க்கு மை செலுத்தி எக்ஸ்ரே எடுத்தாங்க. காலையில் எழுந்தா ரெண்டு காலும் அசையலை. இப்படி ஆகலாம்னு யாரும் முன்னாடி சொல்லலை. அந்த வழக்கில்தான் 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்ற சொல் நீதிமன்றத் தீர்ப்புக்குள்ள வந்தது. தமிழ்ல 'தகவலறிந்த ஒப்புதல்'. சரின்னு சொன்னா மட்டும் போதாது, எதுக்குச் சரின்னு சொல்றோம்னு தெரிஞ்சிருக்கணும். அம்மா பூக்காரம்மாகிட்ட பின்பற்றின அதே விதி.

மூணாவது, லண்டன். போலம் என்பவருக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்காம செஞ்சதுல இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபத்தையும் முன்கூட்டியே சொல்லலை. ஆனா இங்கே தீர்ப்பு எதிர்த்திசையில் போச்சு. அந்தத் துறையில் பொறுப்பான ஒரு பகுதி டாக்டர்கள் இப்படித்தான் செய்வாங்கன்னா, அது கவனக்குறைவு ஆகாது. இதுக்கு 'போலம் டெஸ்ட்'னு பேர்.

ரெண்டு பாதை தெரியுதா? கலிஃபோர்னியா பாதையில் கேள்வி: நோயாளிக்கு என்ன தெரியணும்? லண்டன் பாதையில் கேள்வி: டாக்டர்கள் வழக்கமா என்ன சொல்வாங்க? 1972-ல வாஷிங்டன் நீதிமன்றம் முதல் பாதையை இன்னும் அகலமாக்கியது. முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் போன 19 வயசுப் பையனுக்கு, நூத்துல ஒருத்தருக்குப் பக்கவாதம் வரலாம்னு சொல்லாம விட்ட வழக்கு அது. எதைச் சொல்லணும்னு அளக்கறது டாக்டர்களோட பழக்கம் இல்லை, ஒரு சாதாரண நோயாளியோட தேவைன்னு அந்தத் தீர்ப்பு சொன்னது. பிரிட்டன் போலமை விட்டு இந்தப் பக்கம் வர 2015 ஆச்சு.

காசு இல்லாதவங்க எழுதின 26 கோரிக்கைகள்

இதுவரைக்கும் எல்லாம் கோர்ட். ஆனா ஆஸ்பத்திரிச் சுவரில் 'நோயாளிகளின் உரிமைகள்'னு ஒரு போர்டு மாட்டியிருக்காங்களே, அது எங்கிருந்து வந்தது? நான் ஏதோ டாக்டர்களோட கமிட்டி எழுதியிருக்கும்னு நினைச்சேன். இல்லை.

1960-கள் அமெரிக்காவில் தேசிய நல உரிமை அமைப்புன்னு ஒண்ணு இருந்தது. அரசு உதவித்தொகையில் வாழ்ந்த ஏழைத் தாய்மார்கள், அவங்கள்ல பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அவங்க போறது இலவச வார்டு. கூட்டம் கூட்டமா காத்திருக்கணும். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. மாணவர்கள் சுத்தி நின்னு பரிசோதிப்பாங்க, கேட்காமலே. 1970 ஜூன்ல இவங்க 26 கோரிக்கை எழுதி, ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கற ஆணையத்துக்கிட்டக் கொடுத்தாங்க. மரியாதை, அந்தரங்கம், விளக்கம், புகார் சொல்ல ஒரு வழி. அதிலிருந்து கிளம்பின பேச்சுதான் 1973-ல அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் ஏத்துக்கிட்ட 12 அம்ச நோயாளி உரிமைப் பட்டியல் வரைக்கும் போச்சு.

எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா பட்டது. 'கஸ்டமர் இஸ் கிங்'னு சொல்லி வந்த உரிமை இல்லை இது. கஸ்டமரே இல்லாதவங்க, ஒரு டாலர் கூடக் கட்டாதவங்க கேட்டது. பில் கட்டலைன்னாலும் இது என் உடம்புன்னு சொன்னவங்க.

இப்போ நம்ம ஊருக்கு வரலாம். ஏன்னா இந்தியாவில் இந்தக் கதை கிட்டத்தட்டத் தலைகீழா நடந்தது.

"இது போலீஸ் கேஸ், வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க"

1980-கள் கடைசி. ஸ்கூட்டரில் போன ஒருத்தர் மேல கார் மோதுது. தூக்கிக்கிட்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்க. "இது போலீஸ் கேஸ், நாங்க பார்க்க முடியாது"ன்னு சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. போற வழியிலேயே இறந்துட்டார். பேப்பர்ல வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கிட்டு பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட்ல தீர்ப்பு: அரசோ தனியாரோ, உயிரைக் காப்பாத்தறது ஒவ்வொரு டாக்டரோட கடமை, போலீஸ், பேப்பர், நடைமுறை எதுவும் அதுக்குக் குறுக்கே நிக்கக் கூடாது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு, அதாவது உயிர் வாழும் உரிமை, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது.

1992-ல மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை, அரசு ஆஸ்பத்திரிகள் ஒண்ணு மாத்தி ஒண்ணு 'பெட் இல்லை'ன்னு அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவு பண்ணிப் பிழைச்சார். 1996-ல உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பணம் இல்லைன்னு அரசு காரணம் சொல்லக் கூடாதுன்னும் சொன்னது.

ஆனா உயிருக்கு ஆபத்து இல்லாத, தினசரி நடக்கற விஷயங்களுக்கு? ஒரு சாதாரண மனுஷன் எங்கே போய்க் கேட்பான்? அதுக்கு வந்த வழி, 1986-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மிக்ஸி ரிப்பேர்னா போற அதே கோர்ட்.

இங்கேதான் சென்னை கதைக்குள்ள வருது. டாக்டர் பார்க்கறது 'சேவை'யா, நோயாளி 'நுகர்வோரா'? இல்லைன்னு 1994-ல நம்ம சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மருத்துவம் அந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு தீர்ப்பு. நாடு முழுக்க இதே கேள்வி வெவ்வேறு கோர்ட்டுல ஓடிக்கிட்டு இருந்ததால், எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போச்சு. 1995 நவம்பர் 13, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கு. சென்னைத் தீர்ப்பு தவறுன்னு சொல்லி, நோயாளியும் நுகர்வோர்தான்னு உச்ச நீதிமன்றம் முடிவு பண்ணியது.

பெரிய வெற்றி. ஆனா ஒரு ஓட்டை இருந்தது. எல்லாருக்கும் முழுக்க இலவசமா வைத்தியம் பார்க்கற இடத்துக்கு இது பொருந்தாது. சிலர்கிட்ட காசு வாங்கி, சிலருக்கு இலவசமா பார்க்கற ஆஸ்பத்திரின்னா இலவச நோயாளியும் உள்ளே வருவார். முழு இலவசம்னா வெளியே. ஏன்னா சட்டத்துல 'சேவை'ன்னா காசு கைமாறணும்.

1914-ல் மேரி நின்ன அதே இடம். இன்னிக்கும் எல்லாருக்கும் முழுக்க இலவசமா வைத்தியம் பார்க்கற அரசு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, ஏதாவது தப்பா நடந்தா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. சிவில் கோர்ட், உயர் நீதிமன்ற ரிட், மெடிக்கல் கவுன்சில்னு வேற வழிகள் இருக்கு. ஆனா எது சுலபம், யாருக்குச் சுலபம் என்பது வேற கேள்வி. அமெரிக்காவில் காசு கட்டாத பெண்கள் கேட்டு வாங்கின உரிமை, இங்கே ரசீது இருக்கறவங்க கைக்கு முதல்ல போச்சு.

அம்மா வெளியே இருந்தாங்க

இப்போ என் கேள்விக்கு ரொம்ப நெருக்கமான வழக்கு. டெல்லி, 1995 மே. 44 வயசு, கல்யாணம் ஆகாத ஒரு பெண். அவங்க பேர் வழக்கோட தலைப்பிலேயே இருக்கு, தேடினா கிடைக்கும். நோயாளியோட அந்தரங்கம் பத்திப் பேசற எபிசோடில் நான் அதைச் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன்.

மாதவிடாய்த் தொந்தரவுன்னு ஒரு கிளினிக் போறாங்க. மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பி பரிசோதனை. கன்சென்ட் ஃபார்ம்ல அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. பரிசோதனைக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் சம்மதம், வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்ற வரியும் அதில் இருந்தது. மயக்கத்துல இருக்கும்போது டாக்டரோட உதவியாளர் வெளியே வந்து, காத்திருந்த அம்மாகிட்ட, கர்ப்பப்பையை எடுக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னார். அம்மா போட்டாங்க. கண் முழிச்சப்போ கர்ப்பப்பையும் சினைப்பைகளும் இல்லை.

தேசிய நுகர்வோர் ஆணையத்தில் 25 லட்சம் கேட்டு வழக்குப் போட்டாங்க. 2003-ல தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போனாங்க. 2008 ஜனவரி 16-ல தீர்ப்பு, எழுதினவர் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவங்க வயது வந்தவங்க, நல்ல மனநிலையில் இருக்கறவங்க. மயக்கம் தெளியும் வரைக்கும் காத்திருந்திருக்கலாம். அதனால அம்மாவோட கையெழுத்து செல்லாது. ரெண்டாவது ஆபரேஷன் செலவும் வலியும் மிச்சம்னு டாக்டர் சொன்ன காரணமும் நிக்கலை.

பெத்த அம்மாவோட கையெழுத்தே செல்லாதுன்னா, என் கையெழுத்து?

ஆனா இந்தத் தீர்ப்பிலும் அந்தப் பழைய முடிச்சு இருக்கு. நோயாளிக்கு எவ்வளவு சொல்லணும் என்ற கேள்வி வந்தப்போ, உச்ச நீதிமன்றம் அமெரிக்கப் பாதையை எடுக்கலை, லண்டன் பாதையைத்தான் எடுத்தது. நம்ம நாட்டில் பெரும்பாலான நோயாளிகள் ஏழைகள், படிப்பு குறைவு, டாக்டரை நம்பித்தான் போறாங்க. அவ்வளவு விரிவா விளக்கறது நடைமுறைக்கும் செலவுக்கும் ஒத்துவராது என்பது அதோட வாதம். சாரமா சொன்னா, காசும் படிப்பும் இல்லாதவருக்குக் கொஞ்சம் கம்மியா சொன்னா போதும். பூக்காரம்மாவுக்குப் படிச்சுக் காட்டினா புரியும்னு நம்பின ஒருத்தங்களோட பையனா, எனக்கு இது உறுத்துது.

கிடைச்சது? ஆபரேஷன் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை, 25,000 ரூபாய் நஷ்ட ஈடு. டாக்டர் நல்ல எண்ணத்தில்தான் செஞ்சார்னு கோர்ட் கருதியது. பன்னிரண்டு வருஷம் நடந்த வழக்கு.

வரிசையைக் கவனிங்க

அப்போ டாக்டர்கள் கைக்கு இருக்கற விதி என்ன சொல்லுது? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷ நடத்தை விதிகளைப் படிச்சேன். ஆபரேஷனுக்கு முன்னாடி யார்கிட்ட எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கணும்னு ஒரு வரிசை கொடுத்திருக்கு. கணவன் அல்லது மனைவி. மைனர்னா பெற்றோர் அல்லது காப்பாளர். அப்புறம், கடைசியா, நோயாளி.

கோட் எழுதறவங்களுக்குத் தெரியும், 'இஃப்–எல்ஸ்' வரிசையில் எது முதல்ல வருதோ அதுதான் ஓடும். இந்த விதியை எழுதினவங்க கெட்ட எண்ணத்துல எழுதலை. நம்ம வீடுகள்ல எப்படி நடக்குதோ அப்படியே எழுதிட்டாங்க.

2018-ல தேசிய மனித உரிமை ஆணையம் 17 உரிமைகள் கொண்ட ஒரு நோயாளி உரிமைச் சாசனத்தைத் தயார் பண்ணியது. தகவல், ரெக்கார்டு, தகவலறிந்த ஒப்புதல், ரெண்டாவது கருத்து, ரேட் முன்கூட்டியே தெரியறது, பில் பாக்கிக்காக ஆளையோ உடலையோ பிடிச்சு வைக்கக் கூடாது. சாசனம் தானாகவே சட்டம் ஆகிடாது. மாநிலங்கள் ஏத்துக்கிட்டு அமல்படுத்தணும். ஆனா ரெக்கார்டு விஷயத்துக்கு 2002 விதியிலேயே பிடி இருக்கு: கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். நான் எழுதிக் கேட்டேன், கிடைச்சது. அதில்தான் என் ஏழு கையெழுத்தையும் முதல் தடவையா நிதானமா படிச்சேன்.

நம்ம பக்கம்

சாசனத்தில் இன்னொரு பாதியும் இருக்கு: நோயாளி, கூட இருப்பவர்களோட பொறுப்புகள். முழுத் தகவலையும் மறைக்காம சொல்லணும், சிகிச்சையில் ஒத்துழைக்கணும், ஊழியர்களை மரியாதையா நடத்தணும், வன்முறை கூடவே கூடாது. கடைசி விஷயத்துக்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. டாக்டரை அடிக்கறவங்களைப் பத்தி நான் இங்கே பெருசா சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பூரா டூட்டி பார்த்துட்டு காரிடார்ல நின்னு நாற்பது பேருக்குப் பதில் சொல்ற டூட்டி டாக்டரும் மனுஷன்தான்.

முதல் பொறுப்பைத்தான் சொல்லணும். டிஸ்சார்ஜுக்கு ரெண்டு நாள் முன்னாடி சர்ஜன் கேட்டார்: "இதுக்கு முன்னாடி வலி வந்திருக்குமே? பல தடவை அழற்சி ஆனாத்தான் உள்ளே இப்படி ஒட்டிக்கும்." அட்மிஷன்ல கேட்டப்போ அம்மா "இதான் முதல் தடவை"ன்னு சொல்லியிருந்தாங்க. இப்போ மெதுவா சொன்னாங்க: ரெண்டு வருஷத்துல மூணு தடவை. வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துட்டாங்க. ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.

"சொன்னா நீ லீவு போட்டுட்டு ஓடி வருவ. எதுக்கு உனக்குச் செலவு?"

சர்ஜன் கோபப்படலை. "தெரிஞ்சிருந்தா, திறக்க வேண்டி வரலாம்னு முன்னாடியே உங்ககிட்டச் சொல்லி வெச்சிருப்பேன்மா"ன்னார்.

அப்போதான் எனக்கு மொத்தமும் புரிஞ்சது. அம்மா என்கிட்ட மறைச்சாங்க, நான் பணம் கட்டறேன்னு. நான் அம்மாகிட்டக் கேட்காம கையெழுத்துப் போட்டேன், நான் பணம் கட்டறேன்னு. ஆஸ்பத்திரி என்னைக் கூப்பிட்டது, நான் பணம் கட்டறேன்னு. எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். டெல்லியில் அந்த டாக்டருக்கும் நல்ல எண்ணம்தான்னு கோர்ட் சொன்னது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே ஒருத்தரோட உடம்பு அவங்க கையை விட்டுப் போகுது.

அதனால நான் இப்போ செய்யறதைச் சொல்றேன். ஃபார்ம் என் கைக்கு வந்தா, முதல் கேள்வி: "பேஷண்ட் நினைவோட இருக்காங்களா? அப்போ அவங்ககிட்டப் போவோம்." அப்புறம் நாலு கேள்வி: என்ன பண்ணப் போறீங்க, ஏன், வேற வழி என்ன, திட்டம் மாறினா என்ன ஆகும். தமிழ்ல சொல்லுங்கன்னு கேட்கறது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அவங்களுக்குப் புரியற மொழியில் கேட்கறது உரிமை. எல்லாத்தையும் டாக்டர்கிட்டச் சொல்லிடறது நம்ம பொறுப்பு. "அம்மாகிட்டச் சொல்லாதீங்க டாக்டர்"னு காதுல கிசுகிசுக்கறதை விடறதும்.

போன மாசம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வேற ஆஸ்பத்திரி. சிஸ்டர் ஃபார்மை என்கிட்ட நீட்டினாங்க. நான் அப்பாகிட்டக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல, "நீயே போடுப்பா." பக்கத்துல இருந்த அம்மா ஃபார்மை வாங்கி, ஹேண்ட்பேகிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, ஆர்.டி. பாஸ்புக்கைப் பிரிக்கற மாதிரி பிரிச்சாங்க. "சிஸ்டர், இந்த வரிக்கு என்ன அர்த்தம்னு இவர்கிட்டச் சொல்லுங்கம்மா." சிஸ்டர் முதல்ல கடிகாரத்தைப் பார்த்தாங்க, அப்புறம் உட்கார்ந்தாங்க. ஒவ்வொரு வரியா சொன்னாங்க. அடுத்த சேர்ல இருந்த பெரியவரும் காதைக் கொடுத்தார். அப்பா ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: லென்ஸ் வெச்சப்புறம் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேணுமா? வேணும்னாங்க. "அப்ப சரி"ன்னு அவரே கையெழுத்துப் போட்டார். மொத்தம் ஒன்பது நிமிஷம் ஆச்சு.

உங்க வீட்டில் கடைசியா ஆஸ்பத்திரி ஃபார்ம்ல யார் கையெழுத்துப் போட்டாங்க? படுத்திருந்தவரா, நின்னவரா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.